ஜாடியில் நண்டு, கணினியில் எழுத்து: வாசகர் கேள்வி – பதில்

கடல்வாழ் முதுகெலும்பற்ற உயிரிகளைச் சேகரித்து, டி.என்.ஏ. பார்கோடு எடுத்து, திறந்த தரவாக வெளியிடுவது பற்றி நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. அடிக்கடி கேட்கப்பட்டவற்றுக்கு இம்முறை பதில்.

கேள்வி: பார்கோடு என்றால் ஓர் உயிரியின் முழு டி.என்.ஏ.வையும் படிப்பதா?

பதில்: அவ்வளவு தூரம் போக வேண்டாம். செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் சி.ஓ.ஐ. மரபணுவில் ஒரு துண்டு, 658 எழுத்து (ஏ, டி, ஜி, சி என்று குறிக்கப்படும் டி.என்.ஏ. அலகுகள்), அவ்வளவுதான். விலங்குகளுக்குப் பொதுவாக இந்தத் துண்டையே வைத்துக்கொள்ளலாம் என்று 2003-இல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் பால் ஹெபர்ட்டின் குழு முன்வைத்தது. துண்டைப் பெருக்கும் பிரைமர் ஜோடி (துண்டின் இரு முனைகளிலும் ஒட்டி, பெருக்கலைத் தொடங்கிவைக்கும் குட்டி டி.என்.ஏ. இழைகள்) அதற்கு முன்பே இருந்தது. 1994-இல் ஃபோல்மரும் சகாக்களும் முதுகெலும்பற்ற விலங்குகளுக்காக வடிவமைத்தது அது. ஒரு செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வின் பிரதிகள் ஏராளம் என்பதால், துளித் திசு போதும். பெரும்பாலான விலங்குகளில் ஒரே சிற்றினத்துக்குள் இந்தத் துண்டு அதிகம் மாறாது. சிற்றினம் மாறினால் மாறும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பார்கோடு பெயர் சொல்லாது. ஏற்கெனவே பெயர் வைக்கப்பட்ட ஒரு மாதிரியின் எழுத்து வரிசையோடு ஒப்பிட்டு, ‘இது அதைப் போல இருக்கிறது’ என்று மட்டும் சொல்லும். அந்தப் பெயரை வைத்தவர் தவறியிருந்தால் நீங்களும் சேர்ந்து தவறுவீர்கள். சரிபார்க்க ஒரே வழி, வரிசை எந்த உடலிலிருந்து வந்ததோ அந்த உடலை எடுத்துப் பார்ப்பது. கீழே ஜாடி, லேபிள், எண் என்று திரும்பத் திரும்ப நச்சரிக்கப் போவது இதனால்தான்.

கேள்வி: ஃபார்மலினா, எத்தனாலா? எங்கள் ஆய்வகத்தில் இரண்டு கட்சி இருக்கிறது.

பதில்: இரண்டு கட்சியும் சரி, ஆனால் எத்தனால் கட்சி முதலில் கத்தரியை எடுக்க வேண்டும். ஃபார்மலின் புரதத்தையும் டி.என்.ஏ.வையும் ஒன்றோடொன்று பிணைத்துவிடும், டி.என்.ஏ. துண்டு துண்டாகும். ஆகவே உயிரி ஃபார்மலினைத் தொடும் முன்பே சிறு திசுவை வெட்டி, 2 மி.லி. குழாயில் 95 சதவீத எத்தனாலில் போட்டுவிடுங்கள். திசு வெட்டு ஆய்வு தேவைப்படும் மென்மையான உடல்களுக்கு மீதியை ஃபார்மலினில் வைக்கலாம். கடல் அட்டைக்கு மட்டும் அதைச் செய்யாதீர்கள். தோலுக்குள் இருக்கும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்களை வைத்துத்தான் அதை அடையாளம் காண்கிறோம். அமிலத்தன்மை ஏறிய ஃபார்மலின் அவற்றைக் கரைத்துவிடும். சங்கு, சிப்பி ஓடுகளுக்கும் இதே ஆபத்து.

எத்தனால் விஷயத்தில் பலர் கோட்டை விடுவது அளவில். 100 மி.லி. கொள்ளளவுள்ள கடல் அட்டையில் 80 மி.லி. தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் 100 மி.லி. 95 சதவீத எத்தனாலை ஊற்றினால், கடைசியில் ஜாடிக்குள் இருப்பது ஏறக்குறைய 53 சதவீதம்தான். அதில் டி.என்.ஏ. மெல்லச் சிதையும். அதே உயிரிக்கு 500 மி.லி. ஊற்றினால் 82 சதவீதம் நிற்கும். எனவே உடலைப்போல் ஐந்து மடங்கு ஊற்றி, 24 மணி நேரத்தில் வடித்துவிட்டுப் புதிதாக மாற்றுங்கள். தடித்த தோலுள்ளவற்றை ஓரிடத்தில் கீறிவிடுங்கள். இல்லையென்றால் வெளியே பதப்பட்டு உள்ளே அழுகும். பெரிய சங்குகள் ஓட்டை இறுக மூடிக்கொண்டு எத்தனாலை உள்ளேயே விடாது. ஓட்டில் சிறு துளையிடுவது நல்லது.

95 சதவீதம் திசுவுக்கு நல்லது, உடலுக்குக் கடுமை. நண்டு கால்களை உதிர்க்கும், பிரிட்டில் ஸ்டார் (ஒல்லிக் கைகளுள்ள, நட்சத்திர மீனின் உறவு) தொட்டால் நொறுங்கும். திசுவை எடுத்தபின் உடலை 75–80 சதவீதத்துக்கு மாற்றுவதே வழக்கம். அதற்கும் முன்னால் மயக்க வேண்டும். நேரே எத்தனாலில் போட்ட கடல் சாமந்தி சுருண்டு உருண்டையாகிவிடும். பிறகு எந்த வல்லுநராலும் அதை விரிக்க முடியாது. மெக்னீசியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட்டை லிட்டருக்கு 75 கிராம் வீதம் நன்னீரில் கரைத்து, சம அளவு கடல்நீர் கலந்தால் மென்னுடலிகளுக்கு நல்ல மயக்கமருந்து. ஊசியால் தொட்டும் சுருங்காத வரை காத்திருங்கள். சிலவற்றுக்குச் சில நிமிடம், சிலவற்றுக்கு மணிக்கணக்கு. நண்டு, இறாலுக்கு இது அவ்வளவாகப் பிடிப்பதில்லை. பனியில் குளிரவைப்பதோ, கிராம்பு எண்ணெய் சில துளிகளோ மேல்.

நிறம் எத்தனாலில் நிற்காது. நூடிபிராங்க் (ஓடில்லாத கடல் நத்தை), தட்டைப் புழு போன்றவற்றில் பாதி அடையாளமே நிறத்தில் இருக்கிறது. உயிரோடு, அளவுகோல் வைத்து, மாதிரி எண் தெரியும்படி படம் எடுத்தபிறகுதான் மயக்கம், பதப்படுத்தல் எல்லாம்.

கேள்வி: எந்த இடத்திலிருந்து திசு எடுக்க வேண்டும்?

பதில்: குடலைத் தவிர்த்து எங்கிருந்தாவது என்பது சுருக்கமான பதில். குடலில் எடுத்தால், அது நேற்றுச் சாப்பிட்டதன் பார்கோடு வரும். நண்டு, இறாலில் ஒரு கால் தசை. இருபுறமும் கால் இருப்பதால் ஒரு பக்கத்தை முழுமையாக விட்டு, எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து எடுங்கள். இனம் காண உதவும் காலாக இருக்கக்கூடாது. நட்சத்திர மீன், கடல் முள்ளெலிக்குக் குழாய்க் கால்கள். நத்தைக்குப் பாதத் தசை.

இருவால்விகளில் (இரட்டை ஓடுள்ள சிப்பிகளில்), குறிப்பாகப் பச்சைச் சிப்பி வகையறாவில், இனப்பெருக்க உறுப்பைத் தொடாதீர்கள். இவற்றில் பல குடும்பங்களில் ஆண் சிப்பி, தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு மைட்டோகாண்ட்ரியாக்களைப் பெறுகிறது. தந்தைவழி வரிசை விந்தகத்தில் இருக்கும். இரண்டுக்கும் இடையே 20 சதவீதமோ அதற்கு மேலோகூட வேறுபாடு இருக்கலாம். ஒரே சிப்பியை இரண்டு சிற்றினமாக அறிவித்துவிடும் அபாயம்! பாதம், மூடுதசை, மேன்டில் (ஓட்டின் உட்புறத்தை ஒட்டிய தோல்) ஓரம் ஆகியவை பாதுகாப்பானவை.

ஒவ்வொரு மாதிரிக்கும் இடையே கத்தரியையும் இடுக்கியையும் எத்தனாலில் நனைத்துச் சுடரில் காட்டுங்கள். வெறுமனே துடைத்தால் போதாது.

கேள்வி: பி.சி.ஆர். (டி.என்.ஏ. துண்டைப் பெருக்கும் வினை) செய்தால் பாதிக்குமேல் ஜெல்லில் பட்டை (துண்டு பெருகியதைக் காட்டும் கோடு) வருவதே இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: பட்டை வராததற்குப் பெரும்பாலும் குறைவான டி.என்.ஏ. காரணமில்லை, அதிகமான திசுதான். அரிசி அளவுக்குப் போடுகிறார்கள். குண்டூசித் தலையளவு போதும். எளிய முறை செலெக்ஸ் (உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் சிறு பிசின் மணிகள்): 10 சதவீத செலெக்ஸ் கரைசல் 150 மைக்ரோலிட்டரில் திசுவைப் போட்டு 95 டிகிரியில் 20 நிமிடம், பிறகு சுழற்றி, மேலே தெளிந்ததை மட்டும் எடுக்க வேண்டும். ஒரே ஒரு செலெக்ஸ் மணி சேர்ந்து வந்தாலும் அது மெக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு வினையையே கொன்றுவிடும். நத்தை, சிப்பிகளின் சளி இந்த முறைக்கு அடங்காது. அவற்றுக்கு சி.டி.ஏ.பி. என்ற சோப்பு போன்ற வேதிப்பொருளைப் பயன்படுத்தும் முறை அல்லது சிலிக்கா வடிகட்டி உள்ள கிட்.

25 மைக்ரோலிட்டர் வினைக்கு ஒரு கணக்கு: இரட்டைச் செறிவு மாஸ்டர் மிக்ஸ் (நொதி முதலியவை முன்பே கலந்தது) 12.5, பிரைமர் ஒவ்வொன்றும் (10 மைக்ரோமோலார்) 1, பி.எஸ்.ஏ. என்ற மாட்டு ரத்தப் புரதம் (மி.லி.க்கு 10 மி.கி.) 1, டி.என்.ஏ. 2, தண்ணீர் 7.5. பி.எஸ்.ஏ.வை விட்டுவிடாதீர்கள், கடல் உயிரிகளின் தடைப்பொருள்களை அது ஓரளவு உறிஞ்சிக்கொள்ளும். வெப்பச் சுழற்சி: 95 டிகிரியில் 3 நிமிடம், பிறகு 95-இல் 30 வினாடி, 45-இல் 45 வினாடி, 72-இல் 1 நிமிடம் என்று 5 சுற்று, அதே வரிசையில் நடுவெப்பத்தை மட்டும் 50 ஆக்கி 35 சுற்று, கடைசியில் 72-இல் 5 நிமிடம். முதல் ஐந்து சுற்றில் பொருத்தம் குறைந்த பிரைமரும் ஒட்டிக்கொள்ள இடம் கொடுக்கிறோம். பிறகு கண்டிப்பு.

1.5 சதவீத அகரோஸ் ஜெல்லில் 700 எழுத்து நீளத்தை ஒட்டிப் பட்டை வர வேண்டும். வராவிட்டால், நேர்க் கட்டுப்பாட்டுக் குழியை (நிச்சயம் வேலை செய்யும் டி.என்.ஏ. போட்டது) பாருங்கள். அதிலும் இல்லையென்றால் கலவையில் கோளாறு. அதில் வந்து மாதிரியில் வரவில்லை என்றால் தடைப்பொருள், டி.என்.ஏ.வை 10 மடங்கு நீர்த்து மறுபடி போடுங்கள், அதற்கும் மசியாவிட்டால் 50. அப்போதும் இல்லையென்றால்தான் பிரைமரைக் குறை சொல்லலாம். ஃபோல்மர் ஜோடி சில குழுக்களில் சரியாக ஒட்டாது. 2013-இல் கெல்லரும் சகாக்களும் கடல் உயிரிகளுக்காகத் திருத்திய ஜோடி, ஜே.ஜி. என்ற முன்னொட்டு உள்ளது, பல இடங்களில் கைகொடுக்கும். டி.என்.ஏ. நொறுங்கியிருந்தால் லெரே என்ற ஆய்வாளரும் சகாக்களும் வடிவமைத்த, துண்டின் நடுவில் ஒட்டும் உள் பிரைமரோடு சேர்த்து 313 எழுத்துத் துண்டை எடுக்கலாம். எதிர்க் கட்டுப்பாட்டில் (டி.என்.ஏ. போடாத குழி) பட்டை தெரிந்தால் ஆராய்ச்சி வேண்டாம். அந்தத் தட்டு முழுவதும் குப்பைக்கு.

96 குழித் தட்டில் 95 மாதிரி வைத்து, கடைசி மூலையான எச்.12-ஐ எதிர்க் கட்டுப்பாட்டுக்கு விடுங்கள். யாராவது தட்டைத் திருப்பி வைத்துவிட்டால், அந்த வெறுமை முதல் குழியில் தோன்றிக் காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: மென்பவளங்கள் பன்னிரண்டு வகை. உருவம் வேறு வேறு. சி.ஓ.ஐ. மட்டும் ஏறக்குறைய ஒன்றே. எங்கே பிழை?

பதில்: உங்கள் பிழை இல்லை. பவளங்கள், கடல் சாமந்திகள் அடங்கிய ஆந்தோசோவாவில் மைட்டோகாண்ட்ரியா மிக மெதுவாக மாறுகிறது. மென்பவளங்களின் மைட்டோகாண்ட்ரியாவில் பிழைதிருத்தும் வகையைச் சேர்ந்த மியூட்-எஸ் மரபணு ஒன்று இருப்பதும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. வேடிக்கை என்னவென்றால், அவற்றைப் பிரித்தறிய அந்த மியூட்-எஸ் மரபணுவையே பயன்படுத்துகிறோம், உட்கருவின் 28எஸ் என்ற ரைபோசோம் மரபணுத் துண்டோடு சேர்த்து. கடற்பஞ்சுகளுக்கும் சி.ஓ.ஐ. போதாது, 28எஸ் சேருங்கள். ஹைட்ராய்டுகளுக்கு (பவளத்தின் உறவான, சிறு செடி போன்ற உயிரிகள்) மைட்டோகாண்ட்ரியாவின் 16எஸ் மரபணு. கொட்டலசு, நண்டு, பாலிகீட் புழு, முட்தோலிகள் (நட்சத்திர மீன், கடல் அட்டை வகையறா) ஆகியவற்றுக்கு சி.ஓ.ஐ. பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்யும்.

கேள்வி: கடற்பஞ்சிலிருந்து வந்த வரிசை ஒரு புழுவோடு 99 சதவீதம் பொருந்துகிறது. தரவுத்தளம் தவறா?

பதில்: புழு சரி, கடற்பஞ்சும் சரி. பஞ்சின் துளைகளில் குடியிருந்த புழுவைத்தான் பெருக்கியிருக்கிறீர்கள். பிரைமருக்கு நன்றாகப் பொருந்துகிறவர் முந்திக்கொள்வார். பஞ்சுகளில் பாக்டீரியா வரிசையும் வரும். நுண்ணோக்கியின் கீழ் சுத்தமான உட்பகுதியைத் தேர்ந்து மறுபடி எடுங்கள். புழுவின் வரிசையைத் தூக்கி எறியாதீர்கள். ஆனால் பஞ்சின் எண்ணில் பதிவேற்றவும் வேண்டாம்.

இதைவிடக் கள்ளத்தனமானது போலி மரபணு. மைட்டோகாண்ட்ரியாத் துண்டு எப்போதோ உட்கருவுக்குள் நகலாகி, பயனின்றிக் கிடக்கும். இறால், நண்டு வகைகளில் இது சகஜம். பிடிப்பதற்கு வரிசையை அமினோ அமிலமாக மொழிபெயர்த்துப் பாருங்கள். நடுவில் நிறுத்தக் குறி (புரதம் இங்கே முடிகிறது என்பதற்கான குறி) வந்தாலோ, மூன்றின் மடங்காக இல்லாத இடைவெளி இருந்தாலோ சந்தேகம். வரிசை படிக்கும் கருவி தரும் மின்வரைபடத்தில் இரட்டைச் சிகரங்கள் தொடர்ந்து வந்தாலும் அப்படியே. ஆனால் சரியான குறியீட்டு அட்டவணையை (எந்த மூன்று எழுத்துக்கு எந்த அமினோ அமிலம் என்ற பட்டியல்) தேர்ந்தெடுத்தீர்களா? பொதுவாக முதுகெலும்பற்றவற்றுக்கு 5, முட்தோலிகளுக்கு 9, பவளம், சொறிமீன், கடற்பஞ்சுக்கு 4, அசிடியன்களுக்கு (கடற்பீச்சிகள்) 13. மென்பொருள் தானாக எடுத்துக்கொள்ளும் 1-ஆம் அட்டவணையில் போட்டால், நல்ல பார்கோடிலும் நிறுத்தக் குறியாகக் கொட்டும்.

பிரைமர் எழுத்துகளை வெட்டிவிட்டுப் பதிவேற்றுங்கள். 25-உம் 26-உம் சேர்ந்து 51 எழுத்து. அவை நீங்கள் ஊற்றிய வேதிப்பொருளின் வரிசை, உயிரியுடையது அல்ல. நீளம் 709 என்று வந்தால் வெட்ட மறந்துவிட்டீர்கள்.

கேள்வி: 3 சதவீதத்துக்குமேல் வேறுபட்டால் புதிய சிற்றினம் என்கிறார்களே?

பதில்: அப்படி ஒரு சட்டம் இல்லை. பார்கோடுகளுக்கான போல்ட் தரவுத்தளம் வரிசைகளைத் தொகுக்கும்போது சுமார் 2.2 சதவீதத்தில் தொடங்கி, பிறகு தொகுதியின் அமைப்பைப் பார்த்துச் சரிசெய்கிறது. அப்படிக் கிடைக்கும் தொகுதிக்கு ‘பின்’ என்று பெயர், நிலையான எண்ணும் உண்டு. சிற்றினப் பெயர் தெரியாவிட்டாலும் அந்த எண்ணை வைத்துப் பேசலாம். அதுவே பெரிய வசதி. ஆனால் தொகுதி என்பது சிற்றினம் அல்ல, ஒரு கருதுகோள். ஒரே இடத்தில் பிடித்த இரண்டு மாதிரி 5 சதவீதம் விலகினால், உடலைத் திறந்து பாருங்கள். உட்கரு மரபணு ஒன்றும் அதையே சொல்கிறதா என்று பாருங்கள். பழைய பெயரின் மூல இடத்திலிருந்து மாதிரி கிடைக்குமா என்றும் தேடுங்கள்.

கேள்வி: மாதிரி 2 மில்லிமீட்டர்தான். அரைத்துவிட்டால் சான்றாக எதை வைப்பது?

பதில்: அரைக்காதீர்கள். ஆம்ஃபிபாட், கோபிபாட் போன்ற ஓடுள்ளவற்றை முழுதாகவே புரோட்டினேஸ் கே (புரதத்தைச் செரிக்கும் நொதி) கலந்த கரைசலில் 56 டிகிரியில் சில மணி நேரம் ஊறவிட்டு, கரைசலிலிருந்து டி.என்.ஏ. எடுக்கலாம், வெற்றுக் கூட்டை எத்தனாலில் திரும்ப வைக்கலாம். இரவு முழுவதும் விட்டால் மெல்லிய உறுப்புகள் கழன்றுவிடும். மென்னுடலிகளில் இது நடக்காது. அவற்றுக்கு நல்ல படங்களும், அதே இடத்தில் பிடித்த இன்னொரு முழு மாதிரியும்தான் துணை. அதை வேறு எண்ணில் பதியுங்கள்.

கேள்வி: லேபிளை எதில் எழுதுவது?

பதில்: பருத்திக் காகிதம், பென்சில் அல்லது நிறமி மை. ஜாடிக்கு உள்ளே. பால்பாயின்ட் மை எத்தனாலில் கரையும், லேசர் அச்சு உரிந்து கறுப்புத் தூளாக மிதக்கும், வெளியே ஒட்டியது என்றைக்காவது விழும். மூடியில் மட்டும் எழுதுவது மகா பாவம், மூடிகள் மாறும்.

கேள்வி: தரவுப் பட்டியலை எக்செலில் வைத்திருக்கிறோம். திறந்த தரவாக வெளியிட என்னென்ன நிரல்கள் (பட்டியலின் செங்குத்துப் பத்திகள்) வேண்டும்?

பதில்: டார்வின் கோர் என்ற பொதுத் தரம் இருக்கிறது, ஜிபிஃப் (உலக உயிரினங்களுக்கான திறந்த தரவுத்தளம்), ஓபிஸ் (கடல் உயிரினங்களுக்கானது) இரண்டும் அதைத்தான் கேட்கின்றன. குறைந்தபட்சம்: மாறாத பதிவு எண், அருங்காட்சியக எண், ‘பதப்படுத்திய மாதிரி’ என்ற பதிவு வகை, அறிவியல் பெயர், சேகரித்த தேதி, அட்சரேகை, தீர்க்கரேகை, அவற்றின் பிழை அளவு மீட்டரில், குறைந்த ஆழம், கூடிய ஆழம், அடையாளம் கண்டவர், ஜென்பேங்க் (டி.என்.ஏ. வரிசைகளின் பொதுத் தரவுத்தளம்) எண். கடல் உயிரி என்றால் வோர்ம்ஸ் என்ற கடல் உயிரினப் பெயர்ப் பட்டியலில் உள்ள பெயர் எண்ணையும் சேருங்கள். எழுத்துப்பிழையுள்ள பெயர்களை வோர்ம்ஸின் பொருத்தும் கருவியே கண்டுபிடித்துத் தரும்.

தவறுகள் பெரும்பாலும் இடக்குறிப்பில். 9 டிகிரி 30 நிமிடம் என்பதை 9.30 என்று எழுதுவார்கள், சரியானது 9.5. அந்த 0.2 டிகிரி வித்தியாசம் சுமார் 22 கிலோமீட்டர், கடல் உயிரி கரையேறிவிடும். எக்செலில் கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி கலத்தின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால், ஒவ்வொரு வரியிலும் அட்சரேகை ஒரு டிகிரி கூடிக்கொண்டே போகும். ஒரே நாளில் ஒரே படகிலிருந்து எடுத்தவை ஒழுங்கான இடைவெளியில் வடக்கு நோக்கி நடந்தால், காரணம் இதுதான். ‘2இ05’ மாதிரி ஆங்கில ‘இ’ நடுவில் உள்ள எண்ணை எக்செல் 200000 ஆக்கிவிடும். 00417-இல் முன்னிருக்கும் பூஜ்யங்களைத் தின்றுவிடும். நிரலை முதலிலேயே ‘உரை’ வடிவத்துக்கு மாற்றிவிட்டுத் தட்டச்சு செய்யுங்கள். தேதியை ஆண்டு-மாதம்-நாள் என்றே எழுதுங்கள். 03-04 என்பது மார்ச்சா ஏப்ரலா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. எல்லாம் முடிந்தபின் புள்ளிகளை வரைபடத்தில் போட்டு ஒருமுறை கண்ணால் பாருங்கள்.

அடையாளம் உறுதியில்லையா? பேரினத்தோடு நிறுத்துங்கள். துணிந்து எழுதிய தவறான சிற்றினப் பெயர், எழுதாமல் விட்டதைவிடப் பல மடங்கு கெடுதல்; அடுத்தவர் ஒப்பிடப் போவது அதோடுதான். ‘சி.எஃப்.’ (‘ஒப்பிடுக’, அதாவது உறுதியில்லை) போன்ற குறிகளைப் பெயர் நிரலில் கலக்காமல், அதற்கென்று உள்ள தனி நிரலில் போடுங்கள்.

கேள்வி: திறந்து வைத்தால் எங்கள் தரவை வேறு யாராவது எடுத்து முதலில் கட்டுரை எழுதிவிடமாட்டார்களா?

பதில்: எழுதக்கூடும். அதற்காகப் பூட்டிவைத்த மாதிரியை யாருமே மேற்கோள் காட்டப்போவதும் இல்லை. ஜிபிஃப் மூன்று உரிமங்களை ஏற்கிறது: நிபந்தனையே இல்லாத சிசி0, பெயர் சொல்லச் சொல்லும் சிசி-பிஒய், வணிகம் நீங்கலான சிசி-பிஒய்-என்சி. நடுவிலிருப்பது போதும், பெயர் சொல்லிப் பயன்படுத்த வேண்டும். உங்கள் தொகுப்புக்கும், பிறர் செய்யும் ஒவ்வொரு பதிவிறக்கத்துக்கும் டி.ஓ.ஐ. என்ற நிலையான அடையாள எண் கிடைப்பதால், யார் எங்கே பயன்படுத்தினார்கள் என்று பின்தொடர முடியும். கட்டுரை தயாராகும் வரை ஜென்பேங்கில் வரிசையைத் தேதி குறித்து நிறுத்திவைக்கலாம். திருட்டுக்கு இலக்காகும் உயிரிகள் என்றால், வெளியிடும் இடக்குறிப்பை மங்கலாக்கிவிட்டு, மங்கலாக்கியதைக் குறிப்பில் சொல்லுங்கள்.

சேகரிப்பு அனுமதி எண்ணும் பட்டியலில் இருக்கட்டும். கல் பவளங்கள் எல்லாம் சைட்டீஸ் (அருகிவரும் உயிரிகளின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கை) பட்டியலில் இருப்பவை. நாடுவிட்டு நாடு திசுத் துணுக்கை அனுப்புவதற்கும் அனுமதிச் சீட்டு வேண்டும்.

கேள்வி: மாதிரியை ஒரு வல்லுநர் பார்த்துப் பெயரை மாற்றிவிட்டார். பழைய பெயரை அழித்துவிடலாமா?

பதில்: வேண்டாம். புதிய சீட்டில் பெயர், தீர்மானித்தவர், தேதி எழுதி ஜாடிக்குள் போடுங்கள். பழைய சீட்டும் உள்ளேயே இருக்கட்டும். பட்டியலில் புதிய வரியாகச் சேருங்கள், மாதிரி எண்ணை மட்டும் எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள். பிறகு போல்ட், ஜென்பேங்க், ஜிபிஃப் மூன்றிலும் தனித்தனியாகத் திருத்த வேண்டும்; ஒன்றில் மாற்றினால் மற்றவை தாமாக மாறும் என்று இருந்துவிடக்கூடாது. ஜென்பேங்கில் பதிவேற்றியவர் கேட்டால்தான் பெயர் மாறும். எனவே மாணவர் தன் சொந்தக் கணக்கில் ஏற்றிவிட்டுப் படிப்பு முடிந்து போய்விட்டால், அந்தத் தவறு அங்கேயே நிலைத்துவிடும். ஆய்வகத்தின் பொதுக் கணக்கில் ஏற்றுங்கள்.